வலி இறங்கியது, விஷம் இறங்கியதா?



கோடைப் புழுக்கம் மிகுந்த இரவுகளிலும், முதல் மழை பெய்து மண் நனைந்த நாட்களிலும், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் நிகழக் காண்கிறோம். தந்தையின் தோளில் ஒரு குழந்தை துவண்டு கிடக்கும். அதன் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், கைகால்கள் சில்லிட்டிருக்கும். பின்னால் வரும் பாட்டி, "சாயங்காலம் ஆறு மணிக்குத் தேள் கொட்டிச்சுங்க" என்பார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தைத் தாண்டியிருக்கும். இடைப்பட்ட நான்கு மணி நேரத்தைப் பற்றி நாங்கள் கேட்குமுன் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "மந்திரிச்சோம். அரை மணியில வலி இறங்கிடுச்சு. பிள்ளை அழுகையை நிறுத்திட்டான். அதனால வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

இச்சொற்களைக் கூறுவோர் அன்பிற் குறைந்தவர் அல்லர். குழந்தை அழுதால் பதறுவதும், அழுகை நின்றால் நிம்மதி கொள்வதும் பெற்றோரின் இயல்பு. ஆயினும் விஷக்கடியைப் பொறுத்தவரை, அந்த நிம்மதியே சில வேளைகளில் அரிய காலத்தைப் பறித்துவிடுகிறது. எனவே இவ்விதழின் பாடத்தை ஒரே கருத்தைச் சுற்றி அமைத்துள்ளோம்: வலியின் அளவு வேறு; ஆபத்தின் அளவு வேறு. தேள், தேனீ, குளவி, சிலந்தி என வீட்டைச் சுற்றி வாழும் உயிர்கள் அனைத்தையும் இந்த ஒரு கருத்தைக் கொண்டே நோக்குவோம்.

இரு வகைத் தேள்கள்

நம் ஊர்களில் மக்கள் பெரிதும் அஞ்சுவது கருந்தேளையே. நட்டுவாக்காலி என்றும் அதைச் சில ஊர்களில் அழைப்பர். உருவில் பெரியது, நண்டின் கொடுக்கைப் போன்ற பருத்த இடுக்கிகளை உடையது, பார்த்த மாத்திரத்தில் நடுக்கம் தருவது. ஆனால் அதன் வால் ஒப்பீட்டளவில் மெலிந்தது. அது கொட்டினால் வலியும் வீக்கமும் உண்டாகும். பெரும்பாலோர்க்கு அதற்கு மேல் தீங்கு நேர்வதில்லை.

உண்மையில் அஞ்சத்தக்கது செந்தேள். செம்மையோ, பழுப்போ, மஞ்சள் கலந்த செம்மையோ கொண்ட உடல்; பெரும்பாலும் 5 முதல் 9 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். இடுக்கிகள் மெலிந்தவை, வாலோ தடித்தது. இடுக்கியின் வலிமையால் இரையை நெரிக்கும் தேளுக்குக் கடும் விஷம் பெரிதும் தேவைப்படுவதில்லை. மெலிந்த இடுக்கியை உடையது தன் வாலையே நம்பி வாழ்கிறது. டென்மார்க் நாட்டு இயற்கையியலாளர் ஃபெப்ரீசியஸ் 1798ஆம் ஆண்டில் இத்தேளை விவரித்தபோது அதற்கு இட்ட இனப்பெயர் 'டமுலஸ்' என்பதாகும். இன்றும் உலகெங்கும் மருத்துவ நூல்களில் அப்பெயராலேயே அது குறிக்கப்படுகிறது. தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பரவலாகக் காணப்படும் இத்தேள், உலகின் கொடிய தேள்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இவ்வேறுபாட்டை அறிவுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவெடுக்க இதை நம்பவேண்டா. இருட்டில், பதற்றத்தில், நிறத்தைக் கொண்டு தேளை இனங்காண்பது எளிதன்று. குட்டித் தேளின் நிறமும் வளர்ந்த தேளின் நிறமும் வேறுபடலாம். குழந்தையைத் தேள் கொட்டினால், அது எந்தத் தேளாயினும் மருத்துவமனைக்கு வருவதே முறை.

விஷம் உடலில் செய்வது என்ன?

நம் நரம்புகள் செய்தியைக் கடத்துவதற்குச் சோடியம் என்னும் உப்புத்துகள் நரம்பின் நுண்வாயில்கள் வழியாக உட்புகுகிறது. வாயில் திறக்கும், நொடியின் சிறு பகுதிக்குள் மூடிக்கொள்ளும். செந்தேளின் விஷம் அவ்வாயில்களை மூடவிடாமல் தடுக்கிறது. விளைவாக நரம்புகள் ஓயாது தூண்டப்படுகின்றன. அச்சம் வந்தால் உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்ற பொருள்கள் வெள்ளமெனப் பெருகுகின்றன. மருத்துவர்கள் இதனை 'நரம்புப் புயல்' என வருணிப்பர்.

அப்புயலின் அடையாளங்களைக் குடும்பத்தார் வெறுங்கண்ணாலேயே காணலாம். முதலில் வாந்தி, ஒரு முறையன்று, பல முறை. அடுத்து உடல் முழுவதும் பெருகும் வியர்வை. கைகால்கள் பனிபோல் சில்லிடுதல். வாயில் எச்சில் ஊறுதல். ஆண் குழந்தைகளிடம் ஆணுறுப்பு விறைத்து நிற்றல். வெட்கத்தால் பலர் இதனைச் சொல்லாது விடுகின்றனர், ஆனால் மருத்துவருக்கு இது மிக முக்கியமான குறிப்பு. நாடித்துடிப்பு மிக விரைவாகவோ, மிக மெதுவாகவோ மாறுதல். இதன் பிறகே பெருந்தீங்கு வருகிறது. இரத்தக் குழாய்கள் இறுகிப்போவதால் இதயம் பெருஞ்சுமையை எதிர்த்து உழைக்க நேர்ந்து களைத்துவிடுகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இருமல், மூச்சுத் திணறல், வாயில் நுரை, சில வேளை இளஞ்சிவப்பு நுரை. தேள்கடியால் நேரும் இறப்பு பெரும்பாலும் இந்த வழியாகவே நேர்கிறது.

இவை யாவும் பெரும்பாலும் முதற்சில மணி நேரங்களிலேயே தோன்றத் தொடங்கும். அதனால்தான் கொட்டுப்பட்ட குழந்தை நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், ஒரு நாள் மருத்துவமனையில் தங்கவைத்து நோக்குகிறோம். "ஒண்ணும் இல்லாத பிள்ளைக்கு எதுக்கு அட்மிஷன்?" என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு இதுவே விடை.

வலி ஏன் ஏமாற்றுகிறது?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். செந்தேள் கொட்டியவர்களைப் பல்லாண்டுகள் அருகிருந்து நோக்கிய மருத்துவர்கள் ஒரு வியப்பான உண்மையைப் பதிவு செய்துள்ளனர். கொட்டிய இடத்தில் பொறுக்கவியலாத வலி மட்டுமே உடையோர் பெரும்பாலும் வேறு தீங்கின்றித் தேறிவிடுகின்றனர். விஷம் உடல் முழுவதையும் தாக்கத் தொடங்கியவரிடமோ வலி குறைந்தோ, அறவே மறைந்தோ காணப்படுகிறது. மருந்து வேலை செய்து அவர் தேறிவரும்போது, கொட்டிய இடத்தில் வலி மீண்டும் தலைகாட்டுகிறது. அவ்வாறு வலி திரும்புவதை மருத்துவர்கள் நற்குறியாகவே கொள்கின்றனர்.

மந்திரித்தபின் வலி இறங்கியதாகக் கூறும் குடும்பத்தார் பொய் கூறவில்லை என்பது இதனால் விளங்கும். வலி உண்மையாகவே இறங்கியிருக்கலாம். அது மூவகையில் நேரலாம். கருந்தேளோ, விஷம் குறைந்த வேறு தேளோ கொட்டியிருப்பின், எதுவும் செய்யாவிடினும் வலி தானே தணியும். செந்தேளே கொட்டியிருந்தாலும், விஷம் மிகுதியாக உட்செல்லாதிருப்பின் அவ்வாறே தணியும். மூன்றாவது, விஷம் உள்ளே புயலை எழுப்பத் தொடங்கியதால் வலி மறைந்திருக்கலாம். இம்மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: அழுத குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. முதல் இரண்டும் நேர்ந்த வீடுகளில் மந்திரித்தவருக்குப் புகழ் சேர்கிறது. மூன்றாவது நேர்ந்த வீட்டில்தான் நள்ளிரவில் மூச்சுத் திணறுகிறது.

உங்கள் நம்பிக்கையை இழித்துரைப்பது எங்கள் நோக்கமன்று. வேண்டுதல் மனத்துக்கு ஆறுதல் தருமாயின் வேண்டிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் வண்டியில் அமர்ந்தபடியே வேண்டிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

மகாடில் கண்டறிந்த மருத்துவம்

மகாராஷ்டிர மாநிலத்தின் ராய்கட் மாவட்டத்தில், கொங்கணக் கரையை ஒட்டி மகாட் என்னும் சிற்றூர் உள்ளது. செந்தேள் மிகுந்த பகுதி அது. 1970களின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிந்த இளம் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள் கொட்டி வந்த குழந்தைகள் தம் கண்முன்னே இறப்பதைக் கண்டார். அக்காலத்தில் அதற்கென ஏற்ற மருந்து எதுவும் இல்லை. ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் இரவு முழுவதும் அமர்ந்து நாடி, இரத்த அழுத்தம், வியர்வை, மூச்சு ஆகியவற்றைக் குறித்துவைத்தார். அவருடைய துணைவியார் மருத்துவர் பிரமோதினியும் இப்பணியில் துணைநின்றார். இதயம் பாதிக்கப்படுவதற்கு முன் தோன்றும் அறிகுறிகளைப் பற்றிய பாவஸ்கரின் கட்டுரை 1982இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் இடம்பெற்றது.

இரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளே தீங்கின் வேர் எனில், அவ்விறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தே தீர்வாகும் என அவர் எண்ணினார். இரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே பயன்பட்டு வந்த பிராசோசின் என்னும் எளிய மாத்திரையை அதற்குத் தேர்ந்தார். அதன் பயனை 1986இல் அதே இதழ் வெளியிட்டது. அதற்குமுன் உடல் முழுதும் விஷம் பரவிய நிலையில் வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்துவந்தனர்; இம்மருந்து வழக்கத்துக்கு வந்தபின் அது 4க்கும் கீழே இறங்கியது. பின்னர் செந்தேளுக்கெனத் தனி விஷமுறிவு மருந்தும் நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்டது. 70 நோயாளிகளைக் கொண்ட ஆய்வொன்றை 2011இல் பாவஸ்கர் தம்பதியர் வெளியிட்டனர். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் 8 பேரும், விஷமுறிவு மருந்தையும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 32 பேரும் பத்து மணி நேரத்துக்குள் முழுதும் தேறினர். 2022இல் ஹிம்மத்ராவ் பாவஸ்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. தேள்கடிக்கு மருந்து உண்டு. அது விலையுயர்ந்ததும் அன்று. ஆனால் அது நேரத்தோடு கொடுக்கப்பட வேண்டும். பிராசோசின் இரத்த அழுத்தத்தைத் திடீரெனக் குறைக்கக் கூடியது. ஆகவே படுக்கையில் கிடத்தி, அழுத்தத்தை அளந்து அளந்தே தருகிறோம். மருந்து பெற்ற குழந்தையைத் தூக்கி நிறுத்தவோ, நடக்கவைக்கவோ வேண்டா எனச் செவிலியர் கண்டிப்பாகச் சொல்வதும் இதனாலேயே. வீட்டில் எவரும் இதைத் தாமாகக் கொடுக்கலாகாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஒவ்வாமைக்குப் போடும் ஊசி தேள் விஷத்தை முறிப்பதில்லை, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் தேளுக்குப் பயன்படாது. "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று திரும்பிவிடாமல், நோக்கில் வைத்திருக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்துசேருங்கள்.

தேள் கொட்டினால் செய்ய வேண்டுவன

முதலாவதாக, கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறிக்கலாம், பேனாவால் கையிலேயே எழுதலாம்.

இரண்டாவதாக, கொட்டுப்பட்டவரைப் படுக்கவையுங்கள். ஓடவோ, மாடியேறவோ, தாமே வண்டி ஓட்டவோ விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் போன்றவற்றைக் கொட்டிய பக்கத்தில் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்றுவது கடினம்.

மூன்றாவதாக, இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். கயிற்றால் இறுகக் கட்டுதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல், தீயால் சுடுதல் ஆகிய எதுவும் விஷத்தை வெளியேற்றுவதில்லை. அவற்றால் உண்டான புண்ணுக்கே தனியாக வாரக்கணக்கில் சிகிச்சையளித்த நிகழ்வுகள் எங்களிடம் உண்டு.

நான்காவதாக, 108 எண்ணை அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் உடனே புறப்படுங்கள். தேளைத் தேடிப் பிடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு வரவேண்டிய தேவை இல்லை. தேடும் நேரத்தில் இன்னொருவர் கொட்டுப்பட்டு, ஒரே வண்டியில் இருவராக வந்ததும் உண்டு. தூர நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஐந்தாவதாக, வழியில் குழந்தையின் முகத்தையும் நெஞ்சையும் பாருங்கள். கொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிராதீர்கள். வாந்தி, வியர்வை, சில்லிடுதல், இருமல் ஆகியவற்றுள் எது, எப்போது தொடங்கியது என்பதைச் சொல்வதே நீங்கள் எங்களுக்குச் செய்யும் பேருதவி.

தேனீ, குளவி, கதண்டு

இங்கே கதை வேறு. ஒரு தேனீயின் கொட்டு பெரும்பாலோர்க்குச் சிறு வலியும் வீக்கமும் மட்டுமே. ஆனால் அவ்விஷத்துக்கு ஒவ்வாமை உடைய ஒருவருக்கு அதே ஒரு கொட்டு, சில நிமிடங்களுக்குள் உயிருக்கு உலைவைத்துவிடும். வலி இருவருக்கும் ஒன்றே. வேறுபாட்டை உடலின் பிற பகுதிகளிலேயே காணவேண்டும்: கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழுதல், உதடும் நாக்கும் கண்ணிமையும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சில் விசில் போன்ற ஒலி, வயிற்றுப் பிடிப்பு, தலைசுற்றல், மயக்கம்.

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது அவசரநிலை. அவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்றே உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து அமரவிடுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். இந்நிலைக்கு முதன்மையான மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசிக்குப்பின் நலமாகத் தோன்றினாலும் சில மணி நேரங்கள் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால், உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒருமுறை இவ்வாறு பாதிக்கப்பட்டவர், அதனை எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நன்று. இதய நோய்க்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை உட்கொள்பவர் அதன் பெயரையும் மறவாது சொல்லுங்கள். சில மாத்திரைகள் அட்ரினலினின் வேலையைக் குறைக்கும்.

தேனீயின் கொடுக்கு முள்போன்ற அமைப்புடையது. தோலில் சிக்கிக்கொண்டு, பையோடு அறுந்து, தேனீ சென்றபின்னும் விஷத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தாலோ, அட்டையின் ஓரத்தாலோ, எதனாலாயினும் விரைந்து அகற்றுங்கள். எவ்வாறு அகற்றினோம் என்பதைவிட எவ்வளவு விரைவில் அகற்றினோம் என்பதே பெரிது. குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஆகவே ஒன்றே பலமுறை கொட்ட வல்லது.

பனைமரங்களிலும் பழங்கட்டடங்களிலும் கூடு கட்டும் கதண்டுகளும், பாறைகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் தொங்கும் மலைத்தேனீக்களும் கூட்டமாகத் தாக்கும். கொட்டிய தேனீ விடுக்கும் மணமே மற்றவற்றை அழைத்துவரும். கைகளை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்துவிடுவதே சிறந்தது. குளத்தில் குதிப்பதால் பயனில்லை. தலை மேலெழும்வரை அவை காத்திருக்கும்.

பல இடங்களில் கொட்டுப்பட்டவருக்கு ஒவ்வாமை இல்லாவிடினும் ஆபத்து உண்டு. விஷத்தின் மிகுதியால் தசைகளும் இரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து, அச்சிதைவுகள் சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். இது அன்றே தெரிவதில்லை. வீக்கமும் வலியும் வடிந்து, "சரியாகிவிட்டது" என நினைக்கும் வேளையில், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சிறுநீர் கடுங்காப்பி நிறமாகும். அல்லது அளவு குறைந்துபோகும். ஆகவே பல கொட்டுகள் பட்டவர், வலி தீர்ந்தபின்னும் சில நாட்கள் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கவனிக்க வேண்டும். மாற்றம் கண்டால் உடனே வரவேண்டும். வீட்டருகே கதண்டுக் கூடு இருப்பின் தாமே தீவைத்து அழிக்க முயலாமல், தீயணைப்பு மீட்புத் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

சிலந்தியின் மீது விழும் பழி

காலையில் எழும்போது கையிலோ கழுத்திலோ ஒரு கொப்புளமும் எரிச்சலும் இருந்தால், "எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது" என்பது நம் வழக்கம். உண்மையில், நம் வீட்டு மூலைகளில் வலை பின்னும் சிலந்திகள் மனிதரைக் கடிப்பது அரிது. கடித்தாலும் பெரும்பாலும் சிறு வீக்கத்தோடு நீங்கும். மரப்பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரக்கூடும். அவற்றைக் கையால் தொடாதிருந்தாலே போதும். பூரான் கடி மிகுந்த வலி தரும். ஆனால் பெரும்பாலும் வலியோடு முடியும்.

சிலந்தியின் மீது பழியைப் போட்டுவிட்டு உண்மையான நோயைத் தவறவிடுவதே எங்கள் கவலை. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல வரிசையாக எரிச்சலுடன் எழும் கொப்புளங்கள் அக்கியாக இருக்கலாம். சின்னம்மைக் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே அக்கி. அதற்கான மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். காவி பூசிக் காத்திருந்தால் அக்காலம் கழிந்துவிடும்; முதியோருக்கு நரம்புவலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். சீழ் கொண்டு பரவும் சிவந்த புண், நுண்ணுயிர்த் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அது பொறுத்திருக்கத் தக்கதன்று.

கண்ணில் படாத கடி

தரையில் உறங்கியவர் விடியற்காலையில் எழுந்து, "ஏதோ பூச்சி கடித்தது போலிருந்தது" என்று கூறி, வயிற்றுவலியாலும் வாந்தியாலும் துன்புற்றால், அதைப் பூச்சிக்கடி என விட்டுவிடாதீர்கள். கட்டுவிரியன் பாம்பின் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்தடமும் தெரியாமற் போகலாம். கண்ணிமை தாமாகச் சரிதல், விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் பிந்திய அடையாளங்கள். வலியில்லாக் கடியே உயிரைக் கொள்ளும் கடியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடித்தது எது எனத் தெரியாதபோது, அறிகுறி உடையவரைப் பாம்புக்கடி பட்டவராகவே கருதி அழைத்துவாருங்கள்.

அதுபோலவே, நள்ளிரவில் காரணமின்றி வீறிட்டு அழுத குழந்தை, பிறகு வியர்த்து, வாந்தியெடுத்து, சில்லிட்டுப் போனால், தேளை எவரும் காணாவிடினும் தேள்கடியை ஐயுறுங்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு அதன் உடலே மொழி.

வலியை உணராதவர்களும் வலியை மறைப்பவர்களும்

நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்குத் தேளின் கொட்டுகூடச் சரியாகத் தெரியாமற் போகலாம். பக்கவாதத்தால் படுத்திருப்போரின் நிலையும் அதுவே. இவர்களைப் பேணும் குடும்பத்தார், நாள்தோறும் மாலையில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செருப்பை மாட்டிவிடுமுன் தட்டி உதறுங்கள்.

தேள் கொட்டிய திருடன் கத்த முடியாமல் விழிப்பான் என்பது நம் பழமொழி. திருடர் அல்லாத சிலரும் அவ்வாறே விழிக்கின்றனர். வேலைக்குச் சென்ற இடத்தில் செங்கல் அடுக்கும்போது கொட்டுப்பட்டு, கூலி போய்விடுமே என்று வாய்திறவாத தொழிலாளர். விளையாடக் கூடாத இடத்தில் விளையாடிக் கொட்டுப்பட்டு, அடிக்கு அஞ்சி மறைக்கும் சிறுவர். இரவில் குடும்பத்தை எழுப்ப மனமின்றிப் பொறுத்துக்கொள்ளும் மருமகள். இவர்கள் எல்லோரையும் நாங்கள் கண்டிருக்கிறோம். கொட்டுப்பட்டதைச் சொன்னால் திட்டு விழாது என்னும் உறுதியைக் குழந்தைகளுக்கு இன்றே கொடுங்கள். அது செலவில்லாத மருந்து.

வீட்டைக் காத்தல்

தேள் பகலில் ஒளிந்து இரவில் உலவும். செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, ஓலைக் கூரை, சுவர் வெடிப்பு, மூலையில் குவித்த துணி, வாசலில் கழற்றிய காலணி ஆகியவையே அதன் மறைவிடங்கள். விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். கதவின் கீழ் இடைவெளியைத் துணியாலோ ரப்பர் பட்டையாலோ மறையுங்கள். தரையில் உறங்குவோர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்வது தேளுக்கும் பாம்புக்கும் தடையாகும். இரவில் கொல்லைப்புறம் செல்லும்போது விளக்கும் செருப்பும் வேண்டும். புற ஊதாக் கதிர் வீசும் கைவிளக்கின் ஒளியில் தேளின் உடல் நீலப்பச்சையாக ஒளிரும். தேள் மிகுந்த ஊர்களில் கொல்லையைச் சோதிக்க இது நல்ல வழி.

மீள்பார்வை

இவ்விதழை மூடுமுன் மூன்று வினாக்களை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.

தேள் கொட்டிய குழந்தை அழுகையை நிறுத்தி உறங்குகிறது; வீட்டுக்குத் திரும்பலாமா? ஆகாது. வலி நின்றது நலத்தின் அடையாளமென உறுதி இல்லை; ஒரு நாள் மருத்துவமனையில் நோக்க வேண்டும்.

ஒரே ஒரு தேனீதான் கொட்டியது. ஆனால் உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது. காத்திருக்கலாமா? ஒரு நிமிடமும் ஆகாது. அட்ரினலின் ஊசி தேவை.

கதண்டுகள் பல கொட்டி, மூன்று நாள் கழிந்து, வலி முற்றும் தீர்ந்தது. சிறுநீர் மட்டும் கருத்திருக்கிறது. பொருட்படுத்த வேண்டுமா? ஆம். அன்றே வரவேண்டும்.

தொடக்கத்தில் கூறிய காட்சிக்கே திரும்புவோம். தந்தையின் தோளில் துவண்டு வந்த பிள்ளைகளுள் பலர் மருந்து பெற்று, விடியுமுன் கைகால் வெதுவெதுப்படைந்து, கண்விழிக்கின்றனர். அவ்வேளையில் பிள்ளை முகத்தைச் சுளித்து, "கால் வலிக்குது" என்று சிணுங்கும். பாட்டி பதறி எழுவார். நாங்களோ ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்போம். திரும்பிவந்த அந்த வலி, பிள்ளை தேறுவதற்கான அறிகுறி. அதைக் கேட்கும் பேறு எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்க்க வேண்டுமென்பதே எங்கள் விருப்பம். அதற்கு உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: வலி இறங்கியதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இராதீர்கள், புறப்பட்டு வாருங்கள்.